கூலியாளும் காவிய நாயகனும்

ஹோமரின் காவியங்களிற் போற்றப்படும் வீரம் புகழையே உயிராகக் கொண்டது. இலியட்டின் தலைவனாகிய அக்கிலீசின் முன் இரு வழிகள் இருந்தன. திரோய் நகரிற் பொருது இளமையில் மாண்டால் அழியாப் புகழ். ஊர் திரும்பினால் நெடிய வாழ்வு, ஆயின் பெயர் நிலையாது. அவன் புகழையே தேர்ந்தான். பெயரும் பீடும் எழுதிய நடுகல்லைக் கண்ட சங்ககால மறவனுக்கு இத்தேர்வு விளங்காததன்று.

ஆனால், ஹோமரின் பெயரால் வழங்கும் ஒடிசியின் பதினோராம் பகுதி இத்தேர்வின்மீதே ஐயம் எழுப்புகின்றது. இறந்தோர் உலகை அடைந்த ஒடிசியஸ், அங்கும் அரசனாக விளங்குகின்றாய் என்று அக்கிலீசைப் பாராட்டுகின்றான். மாவீரன் அதனை ஏற்கவில்லை. மாண்டோர்க்கெல்லாம் மன்னனாயிருப்பதினும், வறியவன் ஒருவனிடம் கூலிக்கு உழைப்பவனாய் மண்ணுலகில் வாழ்வதே மேல் என்கின்றான். வீட்டடிமைக்காவது ஒரு மனையின் காப்பு உண்டு. கூலியாளுக்கு அதுவும் இல்லை. தாழ்வின் எல்லையைக் காட்டவே அக்கிலீஸ் அவனைச் சுட்டினான். உயிரின் அருமை கூறும் இடம் இதுவென்று கொண்டு ஏனையோர் கடந்துவிடலாம். கூலியாளின் வாழ்வே ஊரின் வரலாறான லிந்துலை போன்ற தோட்டப்புறங்களிலிருந்து நோக்குவார்க்கு அஃது எளிதன்று.

மலைநாட்டுத் தோட்டங்களில் விடியவிடிய ஆடப்பெறும் பொன்னர் சங்கர் கூத்தும் பழைய வீரத்தையே பாடுகின்றது. மூத்தவன் பொறையுடையான், கொம்பனென்னும் பன்றியைக் கொன்ற இளையவனோ சினமே உருவானவன். இருவரும் தம் வாளிலேயே வீழ்ந்து மாள்கின்றனர். எனினும் கதை அவ்விடத்து முடிவதில்லை. படுகளத்தில் உடன்பிறந்தாரைத் தேடியலையும் தங்காளிடம் அது சென்று சேர்கின்றது. இலியட்டும் அவ்வாறே திரோயின் வீழ்ச்சியைப் பாடாது, மகனுடலை வேண்டிக் கொன்றவனின் கையை முத்தமிடும் பிரியம் மன்னனின் துயரையும் ஹெக்டரின் ஈமச் சடங்கையும் கூறி அமைகின்றது. கொன்றவனினும் இழந்தவர் உயர்ந்து தோன்றும் இடங்கள் இவை.

இதற்கு அப்பாலும் ஒரு படி சென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914ஆம் ஆண்டு லிந்துலைக்கு அயலிலுள்ள தலவாக்கலைப் பகுதியின் தோட்டமொன்றிற் பிறந்த இவர் ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதை, ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாயிற்று. தேயிலைச் செடியின் கீழ்ப் புதையுண்டு, கல்லும் பெயருமின்றிக் கிடக்கும் முன்னோரே அதன் நாயகர். அக்கிலீஸ் தாழ்வின் எல்லையாகக் காட்டிய கூலியாளே இங்குக் காவியத்துக்கு உரியவனாகின்றான்.

இங்கு ஓர் இடர் உண்டு. பொறுத்துக்கொள்வதே வீரமென்று புகழ்வது துரைமாருக்கும் உவப்பான கொள்கையே. ஒடிசியசின் பொறுமைக்கு மதிப்பளித்தது, இரவலன் கோலத்தில் ஏச்சும் அடியும் ஏற்ற பின் அவன் எடுத்த வில்லேயாகும். வேலுப்பிள்ளையும் இரங்கற் பாடலோடு அமைந்தாரல்லர், தொழிற்சங்கத்தில் உழைத்தார், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் சார்பிற் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டிற் பிறந்த குடியுரிமைச் சட்டமோ, அவரைத் தெரிந்தனுப்பிய மக்களில் மிகப் பலரை நாடற்றவராக்கிற்று.

1977இல் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற தொழிலாளருள் சிவனு இலட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். அவர் புகழை வேண்டி நின்றாரல்லர். மலைநாட்டார் அவர் பெயரை மறந்தாரும் அல்லர்.