நடுகல்லும் கல்லறைப் பூவும்

நவம்பர் 2ஆம் நாள் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கின்றன. புல் செதுக்கிச் சுண்ணாம்பு பூசிய கல்லறையின்மேல் செவ்வந்தி தூவி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும்வரை காத்து நிற்கின்றன. இவ்வழக்கத்தைப் பழைய நடுகல் வழிபாட்டின் எச்சம் என்று முடித்துவிடுவோர் உண்டு. மேலைநாட்டார் தந்துவிட்டுப் போன பழக்கம் என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டுமே அரைகுறைத் தீர்ப்புகள். போரில் மாண்டவனின் கல்லுக்குப் பூச்சூட்டிய சங்கப் பாடல்களையும், போரில் மாண்டோருக்காக மன்றாடிய விவிலியப் பகுதி ஒன்றையும் அருகருகே வைத்துப் படித்தால், நம் கையிலுள்ள பூவின் பொருள் தெளிவாகும்.

இச்சிந்தனைக்குப் பண்ணைக்காடு ஏற்ற இடம். காப்பியும் ஏலமும் விளையும் கீழ்ப்பழனி மலைச்சரிவுகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. செண்பகனூர் இயேசு சபைக் குரு ஆங்லேட் அடிகளார், நியூட்டனுடன் இணைந்து இவற்றைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. இத்திட்டைகளை எழுப்பியோரின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை. ஆனால் இம்மலைக்குத் தெற்கே, வைகைப் பள்ளத்தாக்கில், புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் பேசுகின்றன. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள அக்கற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுடையது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு மனிதனின் பெயர் அழியாமல் நிற்கிறது. இறந்தவனை மறவாதிருக்க வேண்டும் என்னும் தவிப்பு நம் மண்ணில் அத்துணைப் பழையது.

அத்தவிப்புக்கு இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர். கல்லைத் தேர்ந்து காண்பது, நாள் குறிப்பது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என அச்சடங்கு ஆறு நிலைகளாக விரிகிறது. இது ஊரே கூடிச் செய்யும் வினை. இதன் இறுதி நிலை வாழ்த்து என்பதை வாசகர் மனத்தில் இருத்துக. வாழ்த்தோடு இச்சடங்கு நிறைவு பெறுகிறது.

புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் இவ்வாழ்த்தை அதன் உச்சிக்குக் கொண்டு செல்கிறார். யானையை வீழ்த்தி மாண்டவனின் கல்லைத் தவிர நெல் தூவிப் பரவத்தக்க கடவுள் வேறில்லை என்பது அவர் துணிபு. சொல்லின் வீறு நம்மை ஈர்க்கிறது. எனினும் மாண்டவன் இப்பாட்டில் காணப்படுவதில்லை. அவனுக்கு வீடு உண்டா, அவனுக்காக அழுதவர் யார் என்பவற்றை நாம் அறியோம். கல் கடவுளாகியதும் மனிதன் மறைந்துபோகிறான்.

உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய 264ஆம் பாட்டு இதினும் நுட்பமானது. பரல் நிறைந்த பதுக்கை, செம்பூங்கண்ணி, மயிற்பீலி, பொறிக்கப்பட்ட பெயர் என அலங்காரம் முழுவதையும் காட்டிவிட்டு, தம்மைப் புரந்தவன் கல்லாகிவிட்டதை அறியாமல் பாணர் சுற்றம் இன்னும் வருமோ என்று புலவர் கவல்கிறார். அந்த ஐயம் வந்ததும் கல் மீண்டும் மனிதனாகிறது.

ஔவையார் 232ஆம் பாட்டில் இன்னும் ஓரடி முன் செல்கிறார். ஒரு நாட்டையே கொடுத்தாலும் கொள்ள மறுத்த அதியமான், பீலி சூட்டிய கல்லின்முன் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளை ஏற்பானோ என்று அவர் கேட்கிறார். அவர் அலங்காரத்தைப் பழிக்கவில்லை. அது போதாது என்கிறார். நடுகல் பாடல்களுள் இதனையே தலையாயது என நான் கருதுவேன். நாம் செய்யும் எந்தச் சிறப்பும் இறந்தவரை எட்டுமா என்னும் வினா இங்கே எழுப்பப்படுகிறது. அதற்கு விடை சொல்லப்படவில்லை.

நம்மைத் திடுக்கிடச் செய்வது அள்ளூர் நன்முல்லையாரின் 306ஆம் பாட்டு. ஒரு பெண் தவறாமல் நடுகல்லைத் தொழுகிறாள். விருந்தினர் வரவேண்டும் என்பது அவளது முதல் வேண்டுதல். அது இல்லறத்தின் இனிமை. அடுத்த வேண்டுதலோ தன் கணவனுக்கும் வேந்தனுக்கும் பெரும்பகை வாய்க்க வேண்டும் என்பது. இறந்தவனின் கல் அடுத்த போரை வேண்டும் இடமாகிறது. அவள் கொடியவள் அல்லள். புகழைத் தவிர வேறெதையும் அவளுக்குக் கற்றுத் தராத ஒரு சமுதாயத்தின் குரல் அது. கல்லறையைப் புகழால் மட்டும் அலங்கரித்தால், அக்கல்லறை இன்னொரு கல்லறையைக் கேட்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

இனி மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தைக் காண்போம். போர் முடிந்தபின் யூதா மக்கபேயும் அவருடைய ஆட்களும் மாண்டோரின் உடல்களை எடுத்து, அவரவர் உறவினரோடு மூதாதையர் கல்லறைகளில் அடக்கம் செய்யச் செல்கின்றனர். அப்போது ஒவ்வொருவரின் ஆடைக்குள்ளும் யாம்னியாவின் சிலைகளைச் சார்ந்த தாயத்துகள் இருக்கக் காண்கின்றனர். திருச்சட்டம் விலக்கிய பொருள் அது. இந்நூலாசிரியர் அதை மூடி மறைத்து அவர்களை மாசற்ற வீரர்களாக்கியிருக்கலாம். குற்றவாளிகளென்று கைவிட்டும் இருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. அவர்களுடைய பாவமே அவர்கள் வீழ்ந்ததற்குக் காரணம் என்று கண்டிப்போடு எழுதுகிறார். அதே மூச்சில், வீரர்கள் இறைவனை மன்றாடியதையும், யூதா 2,000 திராக்மா வெள்ளி திரட்டிப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பியதையும் சொல்கிறார். உயிர்த்தெழுதலை நம்பியதால்தான் யூதா இதைச் செய்தார் என்றும் விளக்குகிறார். மரித்தோருக்காகச் செபிக்கும் நம் வழக்கத்திற்குத் திருச்சபை காட்டும் விவிலியச் சான்று, போரில் வீழ்ந்த வீரர்களைப் பற்றியது என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

சங்கப் பெண் இறந்தவனிடம் வேண்டுகிறாள். யூதா இறந்தவர்களுக்காக வேண்டுகிறார். ஔவையார் விடையின்றி விட்ட வினா இங்கே விடை பெறுகிறது. நம் படையல் இறந்தவரை எட்டாமற் போகலாம். நம் மன்றாட்டு இறைவனை எட்டும், அவர் வழியாக இறந்தவரையும் எட்டும் என்பது நம் விசுவாசம். ஆகவே நமது பூ நடுகல்லின் வெறும் எச்சமன்று. பழைய கை அதே பூவைத்தான் எடுக்கிறது. ஆனால் சடங்கு வாழ்த்தோடு நின்றுவிடாமல் செபத்தில் முடிகிறது.

998ஆம் ஆண்டு வாக்கில் குளூனி மடத்தின் தலைவர் புனித ஓதிலோ நவம்பர் 2ஆம் நாளை மரித்த விசுவாசிகள் அனைவருக்குமென ஏற்படுத்தினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல், திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அந்நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி நிறைவேற்ற அனுமதி தந்தார். அப்போரின் இரு அணிகளிலும் கத்தோலிக்கர் இருந்தனர். இரு அணியினரின் ஆன்மாக்களும் ஒரே பீடத்தில் நினைக்கப்பட்டன. புகழ் தன் பக்கத்தானுக்கு மட்டுமே மாலை சூட்டும். மன்றாட்டுக்கு அந்த எல்லை இல்லை.

அதே போரில் மடிந்து, கல்லறையே இல்லாமற்போன 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர், தொழிலாளர் பெயர்கள் பிரான்சு நாட்டு நூவ் சப்பேல் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. எத்தனையோ குடும்பங்களுக்குப் பூ வைக்க ஓர் இடமில்லை. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850க்கும் மேற்பட்டோர் துயிலும் சென்னை நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டத்திலோ கற்கள் உண்டு; கடல் கடந்து வந்து பூ வைக்கும் உறவினர் அரியர். அக்கற்கள் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவின. நம் பங்குக் கல்லறைத் தோட்டங்களில் சில இடங்களில் இன்னும் சாதிச் சுவர் நிற்பதை எண்ணும்போது, அந்த ஒரே அளவு நம்மை நாணச் செய்கிறது.

நம் காலத்தில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடம் ஈழம். தகனமே வழக்கமாயிருந்த இந்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே துயிலும் இல்லங்களில் வரிசை வரிசையாகப் புதைக்கப்பட்டனர். 1989 முதல் நவம்பர் 27 மாவீரர் நாளாக இயக்கத்தால் கொண்டாடப்பட்டது. கோப்பாய்த் துயிலும் இல்லம் போர்க்காலத்தில் இடிக்கப்பட்டு, 2002 போர்நிறுத்தத்திற்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்டு, மறுபடியும் தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தில் 2011இல் இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டது. இறந்தவர் எவராயினும் அவர்தம் கல்லறையை உடைப்பது இறைவனுக்கும் மனிதனுக்கும் ஏலாத செயல். அதே வேளையில், கல்லை எழுப்பிய இயக்கத்தின் மொழியும் 335ஆம் பாட்டின் மொழிதான். வயது நிரம்பாத பிள்ளைகளும் அப்போரில் சேர்க்கப்பட்டனர். அவ்வாழ்த்தொலியில் அவர்களுடைய அச்சத்துக்கு இடமில்லை. இயக்கமும் போய், கற்களும் போனபின், உடைந்த துண்டுகளிடையே விளக்கேற்ற இன்றும் தாய்மார் வருகின்றனர். அந்தத் தாய் தேடுவது மாவீரனை அன்று, மகனை. சிங்களச் சிப்பாயின் தாயும் தேடுவது மகனையே.

வீரனுக்காகப் பாவமன்னிப்பு வேண்டினால் அவன் புகழுக்கு மாசாகாதா என்று கேட்கலாம். ஆகாது. பெற்ற தாய் தந்தையருக்காகவும் நாம் அதையே வேண்டுகிறோம். அதனால் அவர்களை இழிவுபடுத்திவிட்டோமா? நாட்டுக்காக உயிர் ஈந்தவனுக்கு நன்றி சொல்வது கடமை. அதோடு நின்று, அவனும் அஞ்சினான், கொன்றான், இரக்கத்திற்கு ஏங்கினான் என்பதை மறந்துவிட்டால், அவனைக் கல்லாக்கிவிட்டு மனிதனைத் தனியே விட்டுவிடுகிறோம்.

ஐப்பசி மழை மலையில் மெழுகுதிரிகளை அணைத்துவிடக்கூடும், மீண்டும் ஏற்றுவோம். வரும் நவம்பரில் நம் உற்றாரின் கல்லறையை அலங்கரித்தபின் ஒரு கைப்பூவை மிச்சம் வைப்போம். பூ வைக்க எவருமில்லாத கல்லறையில் அதை இட்டு, போரில் வீழ்ந்தோர் அனைவருக்காகவும், நம்மவர் மாற்றார் எனப் பிரிக்காமல், ஒரு பரலோக மந்திரம் சொல்வோம். அடுத்த போர் வாய்க்க வேண்டும் என்று வேண்டிய அப்பழைய குரலுக்கு நாம் தரத்தக்க மறுமொழி அதுவே.