உசாத்துணைச் சேவை யாது?

உசாத்துணை என்றதும் பலர் கருத்தில் எழுவது, இரவல் கொடுக்கப்படாத தடித்த நூல்கள் அடுக்கிய அலுமாரியே. அலுமாரி சேவையாகாது. சீர்காழியிற் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்த எஸ். ஆர். இரங்கநாதன், வாசகரையும் நூலையும் நேர்முகமாகத் தொடர்புபடுத்தும் பணியையே அப்பெயரால் வழங்கினார். புதிய வாசகருக்கு நூலகத்தை அறிமுகஞ் செய்தலும் அவர் வகுப்பில் அடங்கும். அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஒரு பிரிவு 2008இல் ஏற்ற வரையறையோ இடங்காட்டல், நேரங்கூறல் போன்றவற்றை விலக்குகின்றது. கணக்குக் காட்டவேண்டிய நிருவாகத்துக்கு அவ்விலக்கு வசதியானதே. ஆயின், நூற்பட்டியலை முன்பு கண்டிராத தோட்டத்து மாணவன் ஒருவன், "வரலாற்றுப் புத்தகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்குமிடத்து, அவன் இடத்தை மட்டுமா கேட்கின்றான்? தன் ஐயத்தை வினாவாக்கத் தெரியாமையாலன்றோ அவ்வாறு கேட்கின்றான்! விரலாற் சுட்டியனுப்பும் நூலகர் சேவை செய்தவராகார். இருத்தி விசாரிப்பவர் செய்தவராவார். ஈண்டு இரங்கநாதன் கொள்கையே வலியுடைத்து.

எனினும், விடைகாணும் பணியை அவர் உடனடிச் சேவை, நெடுந்தேடற் சேவை என இரண்டாகப் பகுத்தமை ஆராயத்தக்கது. அகராதி முதலியவற்றில் விரைந்து காண்பது முன்னது. பல நூல்களைத் துருவிக் காண்பது பின்னது. இப்பகுப்பு வினாவின் தன்மையைக் குறிப்பதுபோலத் தோன்றினும், உண்மையிற் குறிப்பது நூலிருப்பின் தன்மையையே. புராணப் பாத்திரமொன்றை 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணி நொடியிற் காட்டிவிடும். கோப்பிக் காலத்துத் தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு எவ்வழியே நடந்து வந்தனர் என்பதும் சிறு வினாவே. ஆயினும் அதன் பொருட்டு ஆங்கில அறிக்கைகளையும், துரைமார் எழுதிய நூல்களையும், சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய தோட்டப் பாடல்களையும் தேடவேண்டும். தன் பாட்டன் நடந்த பாதையை மாத்தளை மாணவன் அறிவதற்கு இத்தனை அலைச்சல்! அவன் வினா கடினமானதன்று. அவனுக்கான கைந்நூலை எவரும் ஆக்கி வைக்கவில்லை, அவ்வளவே.

ஆதலின், கண்ட விடையை மாத்திரமன்றித் தேடிய வழியையும் ஓர் அட்டையிற் குறித்து வைத்தல் இச்சேவையின் பகுதியாகக் கொள்ளப்படல் வேண்டும். வாசகரின் காலத்தைச் சேமிக்க என்னும் இரங்கநாதனின் நான்காம் விதி அப்பொழுதே முழுமையாக நிறைவேறும். விடை கிட்டாத தேடலுக்கும் அட்டை உண்டு. எந்நூல்களில் அது இல்லை என்பது அடுத்து வருபவனுக்குப் பயன்படும்.