மரத்தடியில் ஒரு குடில்

திருவருகைக் காலம் நெருங்கும் நாள்களில், ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில், நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் ஒரு மரம் எழுந்து நிற்கும். இடைக்காலச் சிற்பங்கள் நிறைந்த மண்டபத்தில் 20 அடி உயர ஊசியிலை மரம். அதன் கிளைகளைச் சுற்றிப் பட்டாடை அணிந்த வானதூதர்கள். அடியில், 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்துக் கலைஞர்கள் செய்த கிறிஸ்து பிறப்புக் குடில். சனவரித் தொடக்கம் வரை இக்காட்சி நீடிக்கும்.

ஆண்டுதோறும் திரும்பி வரும் காட்சியைப் பற்றித் திறனாய்வாளன் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். ஒரு வினா இருக்கிறது. முழந்தாளிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்றை நின்று பார்க்கும் பொருளாக மாற்றும்போது, அது எதை இழக்கிறது? எதைக் காத்துக்கொள்கிறது?

முதலில் குடிலையே நோக்குவோம். உருவங்கள் 6 முதல் 20 அங்குலம் வரை உயரமுள்ளவை. உடல் நாராலும் கம்பியாலும் கட்டப்பட்டது. ஆகவே வேண்டியவாறு வளைத்து நிறுத்தலாம். தலையும் கைகால்களும் மரத்தாலும் வண்ணம் தீட்டிய சுடுமண்ணாலும் ஆனவை. இவற்றுள் மிகச் சிறந்தவற்றை ஜுசெப்பே சம்மார்த்தீனோவும் அவருடைய மாணவர்களும் செய்தனர் என்று கலையறிஞர் கருதுவர். நேப்பிள்ஸ் நகரின் சான்செவெரோ சிற்றாலயத்தில், மெல்லிய துகில் போர்த்திக் கிடக்கும் இறந்த கிறிஸ்துவை 1753-இல் பளிங்கில் வடித்தவர் அவரே. அத்தகைய சிற்பி விரலளவு முகங்களுக்கும் தம் கலையை வழங்கினார் என்பதிலேயே குடிலின் மீது அந்நகரம் கொண்டிருந்த காதல் விளங்கும்.

ஆடுகளோடு வந்து தொழும் இடையர்கள் ஒரு புறம். ஆசிய, ஆப்பிரிக்கப் பரிவாரம் சூழ வரும் மூவரசர்கள் ஒரு புறம். ஊர் மக்களும் உழவர்களும் ஒரு புறம். இடிந்த உரோமைக் கோவில் ஒன்றும் சில வீடுகளும் சிங்கமுக நீரூற்றும் பின்னணியாக அமைகின்றன. பழைய தெய்வங்களின் மாளிகை சரிந்த இடத்தில் புது வாழ்வு பிறக்கிறது என்பதே அந்தச் சிதைவின் பொருள்.

இதில் காட்சிக்கே உரிய பகட்டு இல்லையா எனின், உண்டு. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் குடில் அமைத்தபோது, தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையுமே இருந்தன. அங்குத் திருப்பலி நிகழ்ந்தது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1734 முதல் 1759 வரை நேப்பிள்ஸை ஆண்ட சார்லஸ் மன்னரின் காலத்தில், குடில் பிரபுக்களின் மாளிகைகளை அழகுசெய்யும் பெருமிதப் பொருளாகவும் ஆயிற்று. எனவே குடிலைக் காட்சிப்பொருளாக்கிய பழியைக் கலைக்கூடத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது.

இவ்வுருவங்களை 1925 முதல் சேகரித்தவர் லொரெட்டா ஹைன்ஸ் ஹோவர்ட் என்னும் பெருமாட்டி. 1957-இல் அவை இக்கலைக்கூடத்தில் முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1964 முதல் 200-க்கும் மேற்பட்ட உருவங்களை அவர் கலைக்கூடத்துக்கே வழங்கினார். கத்தோலிக்கர் போற்றிய குடிலையும், வட ஐரோப்பியச் சீர்திருத்தச் சபையாரிடையே வளர்ந்த அலங்கார மரத்தையும் ஒன்றாக இணைத்தது அவருடைய எண்ணம். பிரிந்த சகோதரர்களின் இரு மரபுகள் ஒரே விளக்கொளியில் நிற்பது மகிழத்தக்கதே.

ஆயினும் கலை நோக்கில் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. நேப்பிள்ஸ் நகரத்துக் குடில் ஒரு மலைச்சரிவாகவே அமைவது வழக்கம். அதில் இடையருக்கு வானதூதர் அறிவித்த இடம் உண்டு. உண்பாரும் குடிப்பாரும் நிறைந்த சத்திரமும் உண்டு. ‘இடமில்லை’ என்று கைவிரித்த அச்சத்திரத்தைக் கடந்து, பார்ப்பவனின் கண் பாலனைத் தேடிச் செல்ல வேண்டும். இங்கோ மரம் முந்திக்கொள்கிறது. விளக்குகளும் வானதூதரும் கண்ணை மேலே இழுக்கிறார்கள். குடிலோ நம் கண்ணைக் கீழே இறக்குவதற்காகவே வந்தது. விண்ணவர் மண்ணுக்கு இறங்கிய மறைபொருளைச் சொல்லும் கலையில், தலை நிமிர்ந்து வியப்பது எளிது. குனிந்து காண்பதே அரிது.

மரத்துக்குப் பின்னே நிற்கும் இரும்புக் கிராதியும் ஓர் இழப்பைச் சொல்கிறது. ஸ்பெயின் நாட்டு வயாதோலித் பேராலயத்தில், பாடற்குழுவின் இடத்தைப் பிரிப்பதற்காக 1763-இல் செய்யப்பட்டது அது. 1956-இல் அன்பளிப்பாக இங்கு வந்து சேர்ந்தது. இன்று கிராதி இருக்கிறது, பாடற்குழு இல்லை. ஒலிப்பதிவு செய்த கிறிஸ்மஸ் இசை அந்த வெறுமையை நிரப்புகிறது.

அப்படியானால் இக்குடில் ஊமையாகிவிட்டதா? இல்லை என்றே எண்ணுகிறேன். கலைஞன் செய்த ஊர் மக்களை மீண்டும் பாருங்கள். அவரவர் ஆடை, அவரவர் வேலை, அவரவர் பேச்சு. சில அடி தூரத்தில் உலகின் மீட்பர் பிறந்திருக்க, பலர் அப்பக்கம் திரும்பவே இல்லை. கையில் புகைப்படக் கருவியோடு மரத்தை வியந்துவிட்டு அடுத்த மண்டபத்துக்கு விரையும் இன்றைய பார்வையாளரும் அவர்களுள் ஒருவரே. காண்போரையும் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் இந்த ஆற்றலைக் கலைக்கூடம் பறிக்கவில்லை. அறியாமலே அதற்குத் துணைநிற்கிறது. செபம் இல்லாத இடத்தில் நிற்கும்போதும், ‘நீ எங்கே நிற்கிறாய்?’ என்று குடில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வரும் பருவத்தில் அங்குச் செல்லும் வாய்ப்புள்ளவர்கள், மேலே நோக்குமுன் மரத்தின் அடியை ஒருமுறை மெல்லச் சுற்றிவரட்டும். அதே நாள்களில் நம் இல்லங்களிலும் பங்கு ஆலயங்களிலும் குடில் எழும். வண்ண விளக்குகளை எத்தனை சரம் தொங்கவிடலாம் என்று எண்ணும் வேளையில், அவ்வொளி பாலனைக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்று சற்றே குனிந்து பார்த்துக்கொள்வோம்.