நாத்திக இயக்கமும் மக்கள் வாழ்வும்

கடவுள் இல்லையென நிறுவிவிட்டால் விடுதலை தானே வந்துவிடும் என நம்பும் நாத்திகர் உளர். அந்நம்பிக்கை எத்துணை குறையுடையது என்பதற்கு இங்கிலாந்தின் தேசிய மதச்சார்பின்மைச் சங்க வரலாற்றைச் சான்றாகக் கொள்கிறோம்.

சார்ள்ஸ் பிராட்லோ 1866இல் அதனை நிறுவினார். 1880இல் நோர்தாம்டன் மக்கள் அவரைப் பாராளுமன்றத்திற்குத் தெரிவுசெய்தனர். நாத்திகரென ஆசனம் மறுக்கப்பட்டபோதும் மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினர். 1886இல் அவர் ஆசனம் பெற்றார். 1888ஆம் ஆண்டுச் சட்டம் சத்தியப்பிரமாணத்திற்குப் பதிலாக உறுதிமொழி கூறும் உரிமையை வழங்கியது. வென்றது தர்க்கம் மட்டுமன்று. வாக்காளர் உரிமையோடு இணைந்த தர்க்கமாகும்.

ஆனால் 1884இல் ஹைண்ட்மனோடு நிகழ்த்திய விவாதத்தில் பிராட்லோ சமவுடைமையை எதிர்த்தே நின்றார். அவருடைய உற்ற துணையான அன்னி பெசன்ட் மறு ஆண்டே பேபியன் சங்கத்திற் சேர்ந்தார். உழைப்பவனின் பசிக்கு விடைகூறாத பகுத்தறிவு அவனுக்கு அந்நியமாகவே தோன்றும்.

இங்கிலாந்தில் தெய்வநிந்தனைக் குற்றம் 2008இல் ஒழிக்கப்பட்டது. எனினும் பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புமாருக்கு ஆசனம் உண்டு. அரச நிதி பெறும் பாடசாலைகளுள் ஏறத்தாழ மூன்றிலொன்று மதச்சார்புடையது. இவற்றைச் சங்கம் எதிர்ப்பது முறையே. ஆயின், மதத்தின் பேரால் அனுமதி மறுக்கப்படும் பிள்ளை எந்த வர்க்கத்துப் பிள்ளை என்ற வினாவையும் அதன் திட்டம் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவிலேயே இயக்கத்தின் புதிய திசை பிறக்கும் என்பது எமது துணிபு.