கூண்டேறும் அறியாமை: இடம் மாறியவரின் நீதிமன்ற நகைச்சுவையும் நடுநாட்டு வழக்கும்

நீதிமன்ற நகைச்சுவைத் திரைப்படங்களில், பழக்கமில்லாத ஊருக்கோ மன்றத்துக்கோ வந்து சேரும் ஒருவரின் தடுமாற்றத்தை நகையின் ஊற்றாகக் கொள்பவை தனியொரு கிளையாக வளர்ந்துள்ளன. உடை, உணவு, பேச்சு, மன்ற முறைமை ஆகியவற்றில் வந்தவருக்கும் அங்கிருப்பவர்க்கும் நேரும் மோதலே இவற்றின் உயிர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. உரைகாரர் பேராசிரியர் இவை தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றக்கூடும் என்று பிரித்துக் காட்டுகிறார். இக்கிளையை எடைபோட அப்பிரிப்பே தக்க அளவுகோல். அறியாமையாகிய பேதைமை வந்தவரிடமே தங்கிவிடும் படம் எள்ளலோடு நின்றுவிடுகிறது. அறியாமை மெல்ல இடம் மாறி மன்றத்தின் பக்கம் சென்று சேரும் படமோ திறனாய்வாக உயர்கிறது. தமிழ்த் திரையுலகம் முன்னதை நன்றாகவே கற்றிருக்கிறது. பின்னதைக் கற்பதற்கான கருவிகள் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நிரம்பக் கிடந்தும் அவற்றை இன்னும் கையில் எடுக்கவில்லை.

இவ்வகைக்கு உலக அளவில் எடுத்துக்காட்டாக நிற்பது, ஜொனாதன் லின் இயக்கி 1992-இல் வெளிவந்த ‘மை கசின் வின்னி’. கொலைப்பழி சுமத்தப்பட்ட இரு மாணவர்களுக்காக வாதிட, பலமுறை தோற்றுத் தேறிய வின்னி என்னும் புதுவழக்கறிஞர் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து அலபாமா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றுக்கு வருகிறார். அவருடைய தோல் சட்டையும் புரூக்ளின் உச்சரிப்பும் கண்டிப்பான நீதிபதிக்குப் பொறுக்கவில்லை. மன்ற அவமதிப்புக்காக வின்னி சிறைக்கும் அனுப்பப்படுகிறார். இதுவரை எள்ளல் அவர்மேல்தான். ஆனால் கதை திரும்பும் இடங்களைக் கவனித்தால் படத்தின் கட்டமைப்பு விளங்கும். அவ்வூரார் காலையில் உண்ணும் சோளக் குறுணைக் கூழ் வேக இருபது நிமிடம் ஆகும் என்பதை உணவுக்கடையில் தெரிந்துகொண்ட வின்னி, காலை உணவைச் சமைத்து முடித்த ஐந்து நிமிட இடைவெளியில் குற்றம் நடந்ததாகச் சொன்ன சாட்சியின் கணக்கை அதைக் கொண்டே உடைக்கிறார். இறுதியில், கார் பழுதுபார்க்கும் குடும்பத்தில் வளர்ந்த அவருடைய காதலி மோனா லிசா வீட்டோ வல்லுநர் சாட்சியாக, அதாவது ஒரு துறையின் தனியறிவால் மன்றத்துக்குக் கருத்துரைக்கும் சாட்சியாகக் கூண்டேறி, தரையில் பதிந்த சக்கரத் தடங்கள் மாணவர்களின் காருக்குரியவை ஆகா என்று நிறுவுகிறார். அவ்வேடத்தில் நடித்த மரிசா டோமேய் துணைநடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார்.

இந்தக் கட்டமைப்பின் முதற்சிறப்பு, பண்பாட்டு மோதலும் சான்றும் ஒன்றாகிவிடுவது. கூழ் முதலில் நகைப்புக்குரிய உணவாக வந்து, பிறகு சாட்சியத்தை அளக்கும் கோலாகிறது. நகையைக் கதையிலிருந்து நீக்கினால் வழக்கே நிற்காது. இரண்டாம் சிறப்பு, அறிவு எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. சட்டப்புத்தகம் தராத விடையை அடுப்படியும் பட்டறையும் தருவதால், கைத்தொழிலறிவுக்கு மன்றத்தில் இடமுண்டு என்ற கருத்து சொற்பொழிவின்றியே நிலைபெறுகிறது. மூன்றாவது, ஊராரை மூடர்களாகக் காட்டாத நேர்மை: அரசு வழக்கறிஞர் பண்புள்ளவராகவும், சாட்சிகள் பொய்யர்களாக அல்லாமல் தவறாகக் கண்டவர்களாகவும் வருவதால், குறுக்கு விசாரணை, அதாவது எதிர்த்தரப்புச் சாட்சியைக் கேள்விகளால் சோதிக்கும் முறை, யாரையும் சிறுமைப்படுத்தாமல் உண்மையைத் தேடும் வழியாகத் தோன்றுகிறது.

தமிழ்த் திரையில் நீதிமன்றம் வேறொரு மரபில் வேரூன்றியது. 1952-இல் கிருஷ்ணன், பஞ்சு இயக்கத்திலும் மு. கருணாநிதியின் வசனத்திலும் வந்த ‘பராசக்தி’யில், இரங்கூனிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் குணசேகரன் பொருளை இழந்து, பித்தனாக நடித்து அலைகிறான். பாதிப் படம்வரை அவன் இடம் மாறியவனே. அவனுடைய பொய்ப் பித்து நாட்டின் நிலையை எள்ளும் கருவியாகிறது. ஆயினும் கூண்டேறியதும் அவன் நகையைக் கைவிட்டுச் சொற்பொழிவாளனாகிவிடுகிறான். அப்பேச்சு சமுதாயத்தையே குற்றவாளியாக்கிய வலிமையை எவரும் மறுக்க இயலாது. அதே வலிமையால், தமிழ்ப் படத்தில் மன்றம் என்பது வசனம் அரங்கேறும் மேடை என்ற எண்ணமும் நிலைத்தது. 1984-இல் வந்த ‘விதி’ படத்தின் வசன ஒலிநாடாக்கள் ஊர்தோறும் ஒலித்தன என்பது அந்த எண்ணத்தின் பரப்பைக் காட்டும். இம்மரபில் சான்றுக்கு வேலை குறைவு. இந்திய நீதிமன்றங்களில் வழக்கத்தில் இல்லாத மரச்சுத்தியலைத் தட்டி அமைதி கோரும் நீதிபதியும், ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கும் வழக்கு ஒரே நாளில் முடிவதும், மன்றத்தின் நடைமுறையைக் கூர்ந்து பாராத இம்மரபின் விளைவுகளே. நடைமுறை தெரியாத இடத்தில் நடைமுறையைப் பற்றிய நகையும் பிறக்காது.

தமிழில் இடம் மாறிய வழக்கறிஞரை நேரடியாக நாயகனாக்கிய படம், ஐ. அஹமது இயக்கி 2016-இல் வந்த ‘மனிதன்’. இது சுபாஷ் கபூரின் ‘ஜாலி எல்எல்பி’ (2013) என்னும் இந்திப் படத்தின் தழுவல். மூலத்தில் மீரட்டிலிருந்து தில்லிக்குச் செல்லும் வழக்கறிஞர், தழுவலில் பொள்ளாச்சியிலிருந்து சென்னைக்கு வருகிறார். உதயநிதி ஸ்டாலின் ஏற்ற அவ்வேடத்துக்கு எதிரே பிரகாஷ் ராஜ் புகழ்பெற்ற வழக்கறிஞராகவும், ராதாரவி நீதிபதியாகவும் நிற்கிறார்கள். நடைபாதையில் உறங்கிய எளியோர்மீது செல்வர் வீட்டு இளைஞரின் கார் ஏறிய வழக்கு அது. சோர்ந்தவராகத் தோன்றி முடிவில் தம் பொறுப்பை உணர்ந்து நிமிரும் நீதிபதியின் வார்ப்பு, தமிழ்ப் படங்களின் சுத்தியல் நீதிபதிகளிலிருந்து பெரிதும் விலகியது. அதற்காக இப்படம் பாராட்டுக்குரியது. ஆனால் நாயகனின் பொள்ளாச்சி கதைக்குள் ஒரு வேலையும் செய்வதில்லை. அவர் கடலூரிலிருந்தோ கம்பத்திலிருந்தோ வந்திருந்தாலும் வழக்கு அதே வழியில்தான் சென்றிருக்கும். ஊர் அவருக்குத் தாழ்வுணர்ச்சியைத் தருகிறதே தவிர அறிவைத் தரவில்லை. வெற்றியைத் தருவது மனச்சான்றும் உருக்கமான இறுதியுரையும். பேதைமை வந்தவரிடமிருந்து நீங்குகிறது, எனினும் மன்றத்திடம் சென்று சேர்வதில்லை.

இக்குறை தமிழ் மரபின் வறுமையால் வந்ததன்று. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தைக் கடந்தால் வரும் மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது உரிமையியல் வழக்குகளின் முதல்நிலை நீதிபதியாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, 1879-இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், தமிழ் மட்டுமே அறிந்த மக்களின் வழக்கில் ஆங்கிலத்தில் வாதிடுவதன் பொருந்தாமையை எள்ளிக் காட்டினார். அங்கே பேதைமை குடிமக்களுடையதன்று, மன்றத்தினுடையது. பழைய தென்னார்க்காடு பகுதியில் இன்றும் ஆடப்படும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் அதே வேலையை வேறு வகையில் செய்கிறான். அரசவையை அறிவிக்கும் பணியாளனாகவும் கோமாளியாகவும் ஒருசேர நிற்கும் அவன், கொலுவுக்கு வரும் வேந்தனை யாரென்று கேட்டு, அவ்வூர்ப் பேச்சிலேயே குறுக்கிட்டு, செந்தமிழில் பாடும் அரசனைத் தன்னை விளக்கிக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவருகிறான். அதிகாரத்தின் மொழியை ஊர்மொழியால் குறுக்கு விசாரணை செய்யும் கலை, இவ்வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

இன்றைய நீதிமன்ற நடைமுறையிலும் இம்மோதலுக்கான களம் விரிந்து கிடக்கிறது. தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்யப்பட்ட திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தது. உயர்நீதிமன்ற நடவடிக்கைகளோ அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவின்படி ஆங்கிலத்தில் நடக்கின்றன, தமிழையும் ஏற்கவேண்டும் என 2006-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் நடுவண் ஒப்புதலைப் பெறவில்லை. ஆகவே சிதம்பரத்திலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ தமிழில் சொல்லப்பட்ட சாட்சியம், மேல்முறையீட்டில் சென்னையை அடையும்போது வேற்றுமொழியில் வாதிடப்படுகிறது. கீழமை மன்றத்திலேயே, எதிர்த்தரப்பின் கூற்றைக் கொந்தளித்து மறுக்கும் ஒருவரின் பேச்சு, ‘என்றால் சரியல்ல’ என்று முடியும் அலுவல் வாய்பாட்டில் பதிவாகிறது. நடுநாடு எனப்படும் விருத்தாசலம், கடலூர், விழுப்புரம் பகுதியின் பேச்சு தனக்கென ஓர் அகராதியே உடையது. மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் தொகுத்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ அதற்குச் சான்று. அத்தகைய செறிவான பேச்சு வாய்பாட்டுக்குள் அடங்கும்போது எது காணாமற்போகிறது என்பது, எள்ளலுக்கும் கவலைக்கும் ஒருங்கே உரிய பொருள்.

கடலூர் மாவட்டத்தின் புகழ்பெற்ற நீதிமன்றப் படம் நகைச்சுவையைத் தேர்ந்துகொள்ளவில்லை. த.செ. ஞானவேல் இயக்கி 2021 நவம்பரில் வெளிவந்த ‘ஜெய் பீம்’, கம்மாபுரம் காவல் எல்லையைச் சேர்ந்த முதனை ஊரில் 1993-இல் தொடங்கிய காவல் கொடுமை வழக்கைத் தழுவியது. உண்மை நிகழ்வில் குறவர் சமூகத்துக்கு நேர்ந்ததைப் படம் இருளர் சமூகத்துக்கு நேர்ந்ததாக மாற்றியது. பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு, அன்று வழக்கறிஞராக ஆட்கொணர்வு மனுவை, அதாவது சட்டத்துக்குப் புறம்பாக அடைக்கப்பட்டவரை மன்றத்தின்முன் நிறுத்தக் கோரும் மனுவை நடத்தினார். கணவனைத் தேடி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடந்து சென்னைக்கு வரும் செங்கேணிதான் இப்படத்தில் இடம் மாறியவர்; அவர்மேல் ஒரு நொடிகூட நகை விழாமல் படம் காக்கிறது, அது அதன் அறம். அப்படத்தில் பண்பாட்டு மோதலின் நகைக்கு மிக நெருங்கி நிற்கும் இடமும் அந்த அறத்திலிருந்தே பிறக்கிறது: மேலிடத்து ஆணைக்கு அஞ்சிய காவலர்கள் வண்டியில் ஏறுமாறு கெஞ்ச, அவர் மறுத்து மகளோடு நடக்க, அவர்களின் வாகனம் அவருடைய நடைக்கு ஈடுகொடுத்துப் பின்தொடர்கிறது. அங்கே என்ன செய்வதென்று தெரியாதவர்கள் காவலர்களே. பேதைமை முழுமையாக இடம் மாறிவிட்டது. மாறாக, இந்தியில் பேசும் கடைக்காரர் ஒருவரைக் காவல் உயரதிகாரி அறையும் காட்சியில், மொழி மோதலின் சிரிப்பு அதிகாரமுள்ளவரின் கையோடு சேர்ந்து நிற்கிறது. காவலரின் கைகள் செய்த கொடுமையைக் காட்டும் படத்திலேயே இக்காட்சி இருப்பது ஒரு சறுக்கல். மேலும் மன்றத்துக்குள் வழக்கைத் திருப்பும் அறிவு பெரும்பாலும் வழக்கறிஞருடையதாகவும் அதிகாரியுடையதாகவும் இருக்கிறது. வயல்வரப்பில் எலிவளை அறிந்து பிடிக்கும் மக்களின் நுண்ணறிவைத் தொடக்கத்தில் அழகாகக் காட்டிய படம், அதைக் கூண்டுக்குள் கொண்டுவரவில்லை.

இவ்வகை நகைச்சுவையின் உள்ளார்ந்த குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முதலாவது, அது நல்ல நீதிபதியை நம்பி நிற்கிறது. ‘வின்னி’யின் கண்டிப்பான நீதிபதியும் ‘மனிதன்’ படத்தின் சோர்ந்த நீதிபதியும் இறுதியில் உண்மைக்குச் செவிசாய்ப்பதால்தான் சிரிப்பு மனநிறைவோடு முடிகிறது. செவிசாய்க்காத மன்றத்தை இவ்வகையால் எளிதில் காட்ட இயலாது. இரண்டாவது, பழக்கவழக்க வேறுபாட்டை முன்னிறுத்தி ஏற்றத்தாழ்வைப் பின்தள்ளிவிடுகிறது. அலபாமாவின் நிறவெறி வரலாற்றை ‘வின்னி’ ஏறத்தாழ ஒதுக்கியே வைத்தது. தமிழ்நாட்டில் அவ்வாறு செய்தால், சாதி வெறும் பேச்சுவழக்கு வேறுபாடாகக் குறுகிவிடும். மூன்றாவது, வழக்கறிஞரின் வளர்ச்சியே கதையாகும்போது, பழி சுமந்தவர்கள் ஓரத்துக்குச் செல்கிறார்கள். சிறையிலிருக்கும் மாணவர்களின் அச்சம்கூட அங்கே நகைக்குத்தான் உதவுகிறது. குற்றமற்றவர் தண்டனை பெறும் வாய்ப்பு உண்மையாக இருக்கும் நாட்டில், இக்குறை சிறியதன்று.

இருப்பினும் இவை வகையைத் துறப்பதற்கான காரணங்கள் அல்ல, அதைத் திருத்திக் கையாள்வதற்கான காரணங்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் கழிகளில், பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. எந்த நேரத்தில் எந்தக் கழியில் தண்ணீர் ஏறும், எங்கே கால் புதையும், எங்கே ஒருவர் நின்றிருக்கவே முடியாது என்பது அவர்களுடைய அன்றாட அறிவு. நீர்மட்டத்தைப் பற்றிய பொய்ச் சாட்சியம் ஒன்றை அத்தகைய அறிவுடைய ஒரு பெண் வல்லுநர் சாட்சியாகக் கூண்டேறி உடைப்பதாக ஒரு கதை அமையுமானால், மோனா லிசா வீட்டோவின் சக்கரத் தடத்துக்கு நிகரான தமிழ்த் தடம் கிடைக்கும். அக்கதையில் அவருடைய பேச்சை விளங்கிக்கொள்ளத் தடுமாறும் வழக்கறிஞர்களும், அதை எப்படிப் பதிவுசெய்வது என்று திகைக்கும் மன்றமும் நகைக்குரியவர்களாவார்கள்; அவர் ஆகமாட்டார். சாதியின் பெயரால் எந்த அறிவு அறிவென மதிக்கப்படாமல் போயிற்றோ, அதுவே வழக்கைத் தீர்ப்பதால், ஏற்றத்தாழ்வு பின்தள்ளப்படாமல் நகையின் நடுவிலேயே நிற்கும்.

ஆகவே இடம் மாறியவரின் நீதிமன்ற நகைச்சுவை, தன்னளவில் உயர்ந்ததும் அன்று, தாழ்ந்ததும் அன்று. யாருடைய அறியாமை கூண்டில் நிறுத்தப்படுகிறது, யாருடைய அறிவு சான்றாக ஏற்கப்படுகிறது என்ற இரு கேள்விகளே அதன் தரத்தை முடிவு செய்கின்றன. தமிழ்த் திரையின் வசன மரபு நீதியின் தேவையை உரத்துச் சொல்லியது. ‘ஜெய் பீம்’ எளியோரைச் சிரிப்புக்குப் பலியாக்காத நேர்மையைக் கற்றுத் தந்தது. வேதநாயகம் பிள்ளையின் எள்ளலும் கட்டியங்காரனின் குறுக்கீடும் இவ்விரண்டோடு சேரும்போதுதான், மன்றத்தைச் சிரிக்கவைத்தபடியே மன்றத்தைத் திருத்தும் தமிழ்ப் படம் உருவாகும். தம்மை நோக்கி எழும் நியாயமான சிரிப்பைத் தாங்கிக்கொள்ளும் மன்றங்களே எளியோரின் சாட்சியத்துக்கும் செவிகொடுக்கும் என்பதால், அத்தகைய படத்தின் தேவை கலையோடு மட்டும் நின்றுவிடுவதில்லை.