‘எந்திரன்’ திரைப்படமும் கிரேக்கப் புராணமும்: ஓர் இறையியல் திறனாய்வு

அறிவியல் புனைவுகள் பழம் புராணங்களின் சாயலைத் தாங்கி நிற்பது புதிய செய்தியன்று. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’ புதினத்திற்குத் தற்காலப் புரோமீத்தியஸ் என்று துணைத் தலைப்பு இட்டார். அப்புதினத்தின் வழித்தோன்றல்களுள் ஒன்றாகத் தமிழில் அமைந்தது, ஷங்கர் இயக்கத்தில் 2010 அக்டோபரில் வெளிவந்த ‘எந்திரன்’. ரஜினிகாந்த் இதில் வசீகரன் என்னும் அறிவியலறிஞராகவும், அவர் படைத்த ‘சிட்டி’ என்னும் எந்திர மனிதனாகவும் இரு வேடம் ஏற்றார். சேத்தியாத்தோப்பு போன்ற சிற்றூர்ச் சேகரங்களிலும் வாலிபர் கூட்டத்தில் சிட்டியின் பெயரைச் சொன்னால் விளக்கம் வேண்டுவதில்லை.

ஆகவே இப்படம் அருளுரைகளில் எடுத்துக்காட்டாக வருவது இயல்பே. பெரும்பாலும் அது ஒரே பாடத்திற்குப் பயன்படுகிறது: மனிதன் படைப்பாளனாக முயன்றான், இறைவனின் இடத்தில் கைவைத்தான், பாபேலைப் போல அழிவைத் தேடிக்கொண்டான். இவ்விளக்கம் திருமறையினின்று பிறந்ததா, கிரேக்கப் புராணத்தினின்று பிறந்ததா என்று ஆராய்வதே நம் நோக்கம்.

1. கதை ஒப்புமைகள்

இயக்குநர் கிரேக்க நூல்களை முன்வைத்துக் கதையமைத்தார் என நாம் வாதிக்கவில்லை. ஆயினும் ஒப்புமைகள் தெளிவானவை. கிரேத்தாத் தீவைக் காக்கும்படி ஹெபைஸ்டஸ் தேவன் வெண்கலத்தால் வார்த்த தாலோஸ் என்னும் மனிதன், நாளுக்கு மும்முறை தீவைச் சுற்றிவந்தான் என்பது பழங்கதை. அவன் உடலில் ஓடியது ஒரே நரம்பு. அதன் வாயை அடைத்திருந்த ஆணி பிடுங்கப்பட்டதும் வீழ்ந்தான். சிட்டியும் நாட்டின் படைக்கு உதவவே படைக்கப்படுகிறது. அதன் வெறி தணிவதும், உடலினுள் பொருத்தப்பட்ட சிவப்புச் சில்லு பிடுங்கப்படும்போதுதான்.

அச்சில்லைப் பொருத்தியவர் வசீகரனின் ஆசிரியரும் போட்டியாளருமான போரா. இங்குப் பண்டோராவை நினையாதிருக்க இயலாது. ஹெசியட் கூறும் கதையில், சினங்கொண்ட சீயஸின் கட்டளைப்படி பண்டோரா களிமண்ணால் உருவாக்கப்படுகிறாள். வஞ்சக மனம் அவளுள் வைக்கப்படுகிறது. பொறாமையுள்ளவன் ஒரு படைப்பின் உள்ளே கேட்டை ஒளித்து வைப்பது இரு கதைக்கும் பொது.

ஓவிட் பாடிய பிக்மாலியன் என்னும் சிற்பி தான் செதுக்கிய சிலைமீதே காதல் கொண்டான். தேவி அதற்கு உயிரளித்தாள். ‘எந்திரன்’ இதைத் தலைகீழாக்குகிறது. இங்கே படைக்கப்பட்டது, படைத்தவன் மணக்கவிருக்கும் சனாவைக் காதலிக்கிறது. இக்காதலைப் படம் ஆழமாக ஆராயாமல், பெண்ணைக் கவர்ந்து செல்லும் வழக்கமான சண்டைக் கதையாக முடித்துவிட்டது. பின்பாதியின் பிரமாண்டம் முன்பாதி எழுப்பிய வினாவை விழுங்கிவிடுகிறது என்பதே நம் கருத்து.

2. நெருப்பும் நாணமும்

இவ்வொப்புமைகளினும் ஆழமானது ஒன்றுண்டு. பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில் புரோமீத்தியஸ் கதை வேறுவிதமாகச் சொல்லப்படுகிறது. எபிமீத்தியஸ் எல்லா ஆற்றல்களையும் விலங்குகளுக்கே பங்கிட்டுவிட்டான். மனிதன் ஆடையின்றி நின்றான். அவனுக்காகப் புரோமீத்தியஸ் நெருப்பையும் தொழில்திறனையும் திருடித் தந்தான். எனினும் மனிதர் கூடிவாழ இயலாமல் ஒருவருக்கொருவர் தீங்கிழைத்தனர். அதன்பின்னரே சீயஸ், ஹெர்மஸ் வழியாக நாணத்தையும் நீதியையும் அனுப்பி, இவற்றைச் சிலருக்கு மட்டுமன்றி அனைவருக்கும் பங்கிடுமாறு பணித்தான். திறனுக்குப்பின் நாணம், நாணமின்றேல் திறனே கேடு.

‘எந்திரன்’ படத்தின் தீ விபத்துக் காட்சியை இதன் ஒளியில் நோக்குக. எரியும் கட்டடத்தினின்று சிட்டி பலரைக் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணையும் அந்நிலையிலேயே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. வெட்கம் தாளாமல் ஓடிய அப்பெண் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். நெருப்பை வெல்லும் திறன் சிட்டியிடம் இருந்தது. நாணம் என்பதொன்று உண்டென்பதை அதற்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. படம் முழுவதிலும் மிகச் சிந்தனைக்குரிய காட்சி இதுவே. உயிரைக் காப்பது மட்டும் மீட்பாகாது. மாண்பையும் காப்பதே மீட்பு என்று அது சொல்லாமற் சொல்லுகிறது. ஏதேனைவிட்டு அனுப்புமுன் கடவுள் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தோலுடை செய்து உடுத்தினார் என்பதை (ஆதி. 3:21) இங்கு மாணவர் ஒப்புநோக்கலாம்.

3. படைத்தவன் எத்தகையவன்?

கடவுள் உண்டா என்று சிட்டியிடம் ஒருவர் கேட்கும் காட்சி புகழ்பெற்றது. கடவுள் என்பவர் யார் என்று அது திருப்பிக் கேட்கிறது. நம்மைப் படைத்தவர் என்று விடை வந்ததும், தன்னைப் படைத்தவர் வசீகரன், ஆகவே கடவுள் உண்டு என்கிறது. அரங்கில் சிரிப்பை எழுப்பும் இவ்விடையை நாம் மெய்யாகவே எடுத்துக்கொள்வோமானால், அடுத்த வினா எழும்: அந்தக் கடவுள் எத்தகையவர்?

படைத் தலைவர்கள் முன்னிலையில் சிட்டி தவறியபோது, வசீகரன் கோடரியால் அதை வெட்டிக் குப்பையில் எறிகிறார். குப்பையினின்று எடுத்தே போரா அதை அழிவுக் கருவியாக்குகிறார். இறுதியில், குற்றம் போராவினுடையது எனச் சிட்டியே நீதிமன்றத்தில் காட்சிப் பதிவைக் காட்டி நிறுவுகிறது. படைத்தவர் விடுதலை பெறுகிறார். படைப்பு கலைக்கப்படவேண்டுமெனத் தீர்ப்பாகிறது. சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிறது. கிரேக்கக் கதையில் பாறையில் கட்டப்பட்டுக் கழுகுக்கு இரையானவன், மனிதனுக்காகத் துணிந்த புரோமீத்தியஸ். இங்கோ படைத்தவர் தப்ப, படைப்பே பாறையில் கட்டப்படுகிறது. 2018இல் வந்த ‘2.0’ படத்தில், தேவை எழுந்ததும் அதே சிட்டி மீண்டும் பூட்டப்படுகிறது.

முடிவுக் காட்சி 2030ஆம் ஆண்டின் அருங்காட்சியகம். ஏன் கலைக்கப்பட்டாய் என்று ஒரு மாணவி வினவ, சிந்திக்கத் தொடங்கியதே காரணம் எனச் சிட்டி கூறுகிறது. இங்கேதான் படம் தன்னையே மறுத்துப் பேசுகிறது. கேட்டுக்குக் காரணம் சிந்தனையன்று, பொறாமையால் பொருத்தப்பட்ட சில்லு என்பதை நீதிமன்றக் காட்சி ஐயமற நிறுவியிருந்தது. அதை மறந்து, சிந்தனையே குற்றம் என்று படம் முடிகிறது. நம் அருளுரைகள் பற்றிக்கொள்வதும் இம்முடிவையே.

4. நம் பிரசங்க பீடத்தில் சீயஸ்

மனிதன் அறிந்துவிடுவானோ, ஆக்கிவிடுவானோ என்று அஞ்சும் தெய்வம் ஹெசியட் காட்டும் சீயஸ். தேவர்கள் மனிதரின் பிழைப்பை மறைத்து வைத்தனர் என்றே அப்புலவர் கூறுகிறார். லீஸ்திராவில் மக்கள் பர்னபாவை யூப்பித்தர் என்றபோது (அப். 14), கிரேக்க மூலத்தில் உள்ள பெயர் சீயஸ் என்பதே. அங்குத் திருத்தூதர் அறிவித்த கடவுளோ பிழைப்பை மறைப்பவரல்லர்; மழையையும் விளைச்சலையும் தந்து உணவினால் மனிதரின் உள்ளங்களை நிரப்புகிறவர்.

தொழில்திறனைப் பற்றியும் அவ்வாறே. பெசலெயேலுக்குக் கைவேலைத் திறன் இறைவனின் ஆவியால் அருளப்பட்டது (யாத். 31:1–5), அது திருடப்பட்ட நெருப்பன்று. கடவுள் எரிச்சலுள்ளவர் என்று பத்துக் கட்டளை கூறுவது உண்மை. அவ்வெரிச்சல் உடன்படிக்கை அன்பின் எரிச்சல். மனிதனின் அறிவைக் கண்டு எழும் பொறாமையன்று.

மனிதன் நம்மில் ஒருவனைப்போலானான் என்னும் பொருள்பட வரும் ஆதியாகமம் 3:22 சீயஸின் குரலாக ஒலிக்கவில்லையா எனச் சிலர் கேட்பர். கடினமான வசனமே. ஆனால் அதற்கு முந்திய வசனத்தில் கடவுள் உடை தைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை மறத்தலாகாது. கெட்டுப்போன மண்கலத்தைக் குயவன் கோடரியால் வெட்டவில்லை, திரும்ப வனைந்தான் (எரே. 18). தம் கைகளால் உருவாக்கியவனை அழிப்பதேன் என்று யோபு (10:8) படைத்தவரையே கேட்கிறான். அவ்வாறு கேட்க அவனுக்கு உரிமை தரப்பட்டிருக்கிறது. கிறிஸ்துவோ இறைச் சமநிலையைக் கொள்ளைப் பொருளாக எண்ணாமல், படைப்பின் தண்டனையைத் தாமே ஏற்றார் (பிலி. 2:6–8). புரோமீத்தியஸுக்கும் வசீகரனுக்கும் எதிர்முனையில் நிற்பது இச்சிலுவையே.

5. நம் வட்டாரத்து நெருப்பு

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் இரு நெருப்புகள் உள்ளன. வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு பசித்தோருக்காக இன்றும் எரிகிறது. அதற்கு அப்பால், 1956இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் பழுப்பு நிலக்கரியை எரித்துப் பல மாநிலங்களுக்கு மின்னொளி தருகிறது. 2023 ஜூலையில் சுரங்கப் பணியின் பகுதியான பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் வளர்ந்துநின்ற நெற்பயிரின்மீது மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். அறுவடைவரை பொறுத்திருக்கலாகாதா என்பது உழவரின் கேள்வி. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது.

மனிதன் நெருப்பைத் தொடலாகாது என்னும் அருளுரை இவ்வுழவருக்கும் உதவாது, சுரங்கத்தில் உழைக்கும் நம் சபையாருக்கும் உதவாது. ஆக்கியது பிழைத்தால் அதன் சுமையை ஏற்பவர் யார், கலைக்கப்படுகிறவர் யார் என்னும் கேள்வியே உதவும். ‘எந்திரன்’ அக்கேள்வியை நீதிமன்றம்வரை கொண்டுவந்து, அருங்காட்சியகத்தில் கைவிட்டது. அதைத் திரும்ப எடுத்துப் பிரசங்க பீடத்தில் வைப்பது நம் கடமை. சிட்டியைப் பற்றி அடுத்தமுறை பேசும் ஆயர், பாபேலைத் திறக்குமுன் குயவன் வீட்டிற்குச் சென்றுவருவாராக.