சாரமும் கட்டடமும்: எமது தமிழ் வகுப்புகள் பற்றிய ஒரு விமர்சனம்

புலம்பெயர்ந்த எம்மிடையே கல்வி பற்றிப் பேசுவோர் வைகொட்ஸ்கியின் பெயரை அடிக்கடி உச்சரிக்கின்றனர். அவரது 'அண்மை விருத்தி வலயம்' என்ற கருத்தாக்கம் 'பிள்ளையின் ஆற்றலுக்குச் சற்று மேலான பணியைக் கொடு, உதவி செய், பிள்ளை வளரும்' என்று சுருக்கப்படுகிறது. இச்சுருக்கம் பிழையல்ல. ஆனால் அக்கருத்தின் விமர்சன முனை இதில் மழுங்கிவிடுகிறது.

வைகொட்ஸ்கி (1896-1934) கேள்விக்குட்படுத்தியது அன்றைய உளவியற் சோதனைகளை. அவை பிள்ளை தனியே செய்வதை மட்டுமே கணக்கிலெடுத்தன. சோதனைப்படி இரு பிள்ளைகளின் உளவயது 8 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிகாட்டும் கேள்வியோ தொடக்க அடியோ கிடைத்ததும் ஒரு பிள்ளை 9 வயதுக்குரிய பணிவரை செல்கிறது. மற்றது 12 வயதுக்குரியதையும் செய்துவிடுகிறது. இவ்விருவரும் சமமானவர்கள்தானா என்று அவர் கேட்டார். இன்று உதவியுடன் செய்வதைப் பிள்ளை நாளை தனியே செய்யவேண்டும் என்பதே இங்கு அடிப்படை.

'சாரம் கட்டுதல்' என்ற உருவகம் அவருடையதல்ல. அது வூட், புரூணர், றொஸ் ஆகியோர் 1976 இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. 3 முதல் 5 வயது வரையான 30 பிள்ளைகள் 21 மரத்துண்டுகளைப் பொருத்திப் பிரமிட் ஒன்றைக் கட்டிய ஆய்வு அது. பிள்ளை இயன்றளவு தானே செய்ய விடப்பட்டது. இடறிய இடத்தில் மட்டும் பயிற்றுநர் கைகொடுத்தார். சாரம் என்றாலே பின்னர் கழற்றப்படுவதுதானே.

எமது வார இறுதித் தமிழ் வகுப்புகளிலும் கலைவிழாக்களிலும் நடப்பது என்ன? பேச்சுப் போட்டிக்கு அப்பாவோ ஆசிரியரோ உரையை எழுதுகிறார். பிள்ளை அதைப் பாடமாக்குகிறது. எந்த வரியில் கையை உயர்த்துவது என்பதும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. மேடையில் மூன்று நிமிடம் செந்தமிழ் பொழிகிறது. பரிசை வாங்கிக்கொண்டு இறங்கும் பிள்ளையிடம் "உரையில் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டால் அது தாயின் முகத்தைப் பார்க்கிறது. சாரத்தையே கட்டடம் என்று நாம் கைதட்டுகிறோம்.

மனனம் எமது மரபு என்றும், பார்த்துச் செய்தலை வைகொட்ஸ்கியும் ஏற்றார் என்றும் சிலர் வாதிடலாம். உண்மைதான், ஏற்றார். ஆனால் தன் வலயத்துக்குள் உள்ளதை, விளங்கிக்கொண்டு பார்த்துச் செய்வதையே அவர் வளர்ச்சியோடு சேர்த்தார். பொருள் விளங்காத பழக்கத்தை அல்ல. படிப்படியாக ஏற்றிச் செல்வதும் எமக்கு அந்நியமல்ல. ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அவ்வாறு அமைந்தவை.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் புதிதாக வருபவருக்குப் பொதிசெய்யும் இயந்திரத்தைப் பழைய தொழிலாளி ஒருவரே பழக்குகிறார். முதல் நாள் செய்துகாட்டுவார். அடுத்தடுத்த நாட்களில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பிறகு தன் இயந்திரத்துக்குப் போய்விடுவார். சத்தம் மாறினால் மட்டும் திரும்பிப் பார்ப்பார். அவர் எந்தக் கோட்பாட்டையும் படித்தவரல்லர். ஆனால் அவர் விலகாவிட்டால் இரண்டு இயந்திரமும் ஓடாது. எமது மேடைகளில் பெரியவர்கள் விலகாதது யாருக்கும் நட்டமாகத் தெரிவதில்லை.

ஏன் விலகுவதில்லை? பொறுமையின்மை ஒரு காரணம். அச்சம் இன்னொன்று என்றே நான் கருதுகிறேன். சொந்த வசனம் பேசத் தொடங்கும் பிள்ளை சொந்தக் கருத்தையும் பேசத் தொடங்கும். சாதி பற்றியும், வீட்டில் பெண்பிள்ளைக்கு மட்டும் உள்ள கட்டுப்பாடுகள் பற்றியும், நாம் விட்டுவந்த போர் பற்றியும் அது கேட்கும் கேள்விகள் எமது உரைகளில் இல்லாதவை. எழுதிக்கொடுத்த உரை எம்மை இக்கேள்விகளிலிருந்து காப்பாற்றுகிறது. மாற்றுக்கருத்துக்காகக் குரல் கொடுத்தவர்களான நாமும் எம் பிள்ளைகளுக்கு உரை எழுதிக்கொடுக்கிறோம் என்பது யோசிக்கவேண்டிய விடயம்.

போட்டிகளை நிறுத்தச் சொல்லவில்லை. தலைப்பை மட்டும் கொடுப்போம். தேவையான பத்துச் சொற்களைச் சேர்ந்து தேடுவோம். முதல் வசனத்தில் கைகொடுத்து, இரண்டாவதைப் பிள்ளையிடம் விடுவோம். ஜேர்மன் சொல் கலந்து, வேற்றுமை உருபு பிசகி, ஒரு நிமிடமே வரலாம். அடுத்த வருடம் அதே பிள்ளை எமது உதவியின்றி எவ்வளவு தூரம் செல்கிறது என்று பார்த்து மதிப்பிடுவோம். வகுப்பு நடத்துவோர் இதை மறுப்பதாயின், காரணங்களை இப்பக்கங்களிலேயே எழுதவேண்டும்.